கச்சிமுகம்மது பாஸ் பின்சீட்டில் ஏறிய நாள்

கல்முனையில் கார் வைத்திருந்த எவரும் மெக்கானிக் கச்சிமுகம்மது பாஸிடம் ஏச்சு வாங்காமல் தப்பியதில்லை. காரைக் கொண்டுபோய் நிறுத்தினால் முதலில் ஏச்சு, அதற்குப் பிறகுதான் ஸ்பேனர். "இது கார், மாடில்ல. மாடெண்டாலும் இப்புடி அடிச்சா திரும்பி முட்டும்" என்பார். டொக்டருக்கும் ஏச்சு, கோழி வியாபாரிக்கும் ஏச்சு. அந்த விஷயத்தில் அவர் ஆள் பார்த்து நடந்ததே இல்லை. நின்று கேட்டுக்கொண்டால் கார் சரியாகிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே நின்று கேட்டார்கள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கராஜ் அவருடையது. பதினாறு வயதில் ஒரு லொறிக்கு அடியில் போய்ப் படுத்தவர், நாற்பத்தாறு வயதாகியும் இன்னும் எழும்பவில்லை என்று மனைவி ஹாஜறா சொல்லுவாள். மனிதருக்கு எதிலும் திருப்தி கிடையாது. கொழும்பிலிருந்து வரும் உதிரிப்பாகம் எல்லாம் போலி. ஊரில் போடும் தார் எல்லாம் சாம்பல். எந்த வீட்டில் தேத்தண்ணி கொடுத்தாலும் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி இல்ல" என்பார். மூன்று கரண்டி போட்டாலும் அதே கதைதான்.

ஊரில் வாடகைக் கார் ஓட்டியவர்களில் பாதிப் பேருக்கு ஸ்டேரிங் பிடிக்கப் பழக்கியவரும் அவர்தான். பெற்றோல் விலை திடீரென்று ஏறி, எல்லாரும் கானோடு வரிசையில் நின்ற எழுபத்து நாலாம் ஆண்டில், ஒரே ஒரு கலன் பெற்றோலில் ஒரு ஒஸ்டின் காரில் மட்டக்களப்புக்குப் போய்த் திரும்பி வந்து மிச்சமும் வைத்திருந்ததாக அவர் சொல்லாத நாளில்லை. அந்த வித்தையைத் தன்னிடம் பழகியவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார். பழகியவர்களில் கெட்டிக்காரன் ஜவுபர். "டேய் ஜவுபர், உன்ட கை நல்ல கைடா" என்று அவர் ஒருவனைப் பாராட்டியது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான்.

அந்த ஜவுபருக்கே தன் தங்கச்சி றாஹிலாவைக் கட்டிக் கொடுத்தார். அங்கேதான் வந்தது வினை.

இந்தக் கரையோரத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்கு வந்து சேருவார். வீடு கட்டுவது பெண்ணைப் பெற்றவர்களின் பாடு. வாப்பா இல்லாத வீட்டில் அது காக்காமாருடைய, அதாவது அண்ணன்மாருடைய பாடு. கச்சிமுகம்மது எட்டு வருடம் கார்களுக்கு அடியில் கிடந்துதான் றாஹிலாவின் வீட்டுக்குச் சுவர் எழுப்பினார். அப்படி வந்து சேர்ந்த மாப்பிள்ளை எத்தனை வருடம் போனாலும் விருந்தாளி மாதிரித்தான். அவரை வாய்க்கு வந்தபடி ஏச முடியாது. ஏசி, அவர் முகம் கறுத்து, உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போய்விட்டால் ஊர் முழுக்கக் கதையாகிவிடும். ஆகவே நிக்காஹ் முடிந்த அன்றே "டேய் ஜவுபர்" செத்துப்போனது. அதற்குப் பிறகு "மச்சான், வாங்க. மச்சான், சாப்பிட்டீங்களா." ஊரில் அவர் ஏச முடியாத ஒரே ஆள் ஜவுபர். அது அவருக்குப் பெரிய கஷ்டமாகத்தான் இருந்தது.

எழுபத்தெட்டில் ஜவுபர் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டச் சவூதிக்குப் போனான். போகும்போது மகள் கமீலாவுக்கு மூன்று மாதம். திரும்பி வரும்போது மூன்று வயது. வாசலில் பெட்டியோடு இறங்கியவனைப் பார்த்து அந்தப் பிள்ளை, "ஆரோ ஒரு ஆள் வந்திரிக்காரு" என்று சொல்லிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தது. ஜவுபர் அன்று இரவு சாப்பிடவில்லை. இனிமேல் எந்த நாட்டுக்கும் போவதில்லை, ஊரிலேயே ஒரு காரை வாங்கி ஹயர் ஓடிப் பிழைக்கிறேன் என்று றாஹிலாவிடம் சொன்னான். றாஹிலா அதைக் காக்காவிடம் சொன்னபோது அவளுடைய முகத்தில் இருந்த வெளிச்சத்தைக் கச்சிமுகம்மது பார்த்தார். அதற்காகத்தான் கராஜைப் பூட்டிவிட்டு மச்சானோடு கொழும்புக்குப் போனார்.

அப்போது ஜப்பானில் ஓடிக் கழித்த கார்கள் வந்து இறங்கத் தொடங்கியிருந்த காலம். வெள்ளை நிறத்தில் ஒன்று, பூனைக்குட்டி மாதிரிச் சத்தமில்லாமல் நின்றது. ஓட்டோ கியர். கிளச் இல்லை. இடது காலுக்கு ஒரு வேலையும் இல்லை. கியர்த் தடியை டி என்ற எழுத்துக்கு நேரே இழுத்துவிட்டால் போகும். கச்சிமுகம்மது அந்தத் தெருவில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தார். இந்த மாதிரிக் கியரை அவர் வாழ்நாளில் ஒரு தரம்கூடத் திறந்து பார்த்ததில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. "எடுங்க மச்சான், நான் பொறுப்பு" என்றார்.

இரண்டாம் மாதம் கார் தன் குணத்தைக் காட்டத் தொடங்கியது.

தடியை டி-யில் போட்டால் உடனே போகாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் வரையில் யோசித்துக்கொண்டு நிற்கும். பிறகு பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி "தடக்" என்று ஒரு இடி. அதற்குப் பிறகுதான் நகரும். ஓடிக்கொண்டிருக்கும்போதும் இடைக்கிடை அதே தடக். ஆஸ்பத்திரிக்குப் போக ஏறிய கர்ப்பிணி ஒருத்தி நற்பிட்டிமுனைச் சந்தியில் இறங்கி, "நான் நடந்தே போறன்" என்று போய்விட்டாள்.

"ஒண்டும் பயப்படாதீங்க மச்சான்" என்றார் கச்சிமுகம்மது. எஞ்சினை நிறுத்திவிட்டு, கியர் எண்ணெய்க் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். எண்ணெய் கம்பியின் மேல்கோடு வரைக்கும் நின்றது. "எண்ணெயில பிழையில்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் புகுந்தார். எஞ்சினைத் தாங்கும் றப்பர்களைக் கழற்றிப் பார்த்தார். கார் சும்மா நிற்கும்போது எஞ்சினின் வேகம் கூடுதலோ என்று குறைத்துப் பார்த்தார். குறைத்ததும் கார் சந்திக்குச் சந்தி நின்றுபோனது, மறுபடி கூட்டினார். கடைசியில், பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டின் முனையில் இருக்கும் குரொஸ் தேய்ந்துவிட்டது என்று கண்டுபிடித்தார். கையால் ஆட்டினால் மயிரளவு ஆடியது உண்மைதான். கொழும்பு பஸ் கண்டக்டரிடம் சொல்லிப் புதுக் குரொஸ் எடுப்பித்தார். முதலில் வந்தது அளவு பெரிது. இரண்டாவதாக வந்தது அளவு சிறிது. மூன்றாவது பொருந்தியது. பூட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "இப்ப போட்டுப் பாருங்க" என்றார்.

ஒன்று, இரண்டு, மூன்று. தடக்.

கச்சிமுகம்மது ஸ்பேனரை எடுத்துத் தகரச் சுவரில் எறிந்தார். வேறு யாருடைய கார் என்றாலும் வாயால் எறிந்திருப்பார்.

மூன்று வாரம் இப்படிப் போன பிறகு காரைதீவிலிருந்து கனகரெத்தினம் வந்தார். முன்னொரு காலத்தில் குளம் கட்டும் வேலையில், வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவருடைய ஓட்டோ கியர்க் காரைப் பார்த்துப் பராமரித்த மனிதர். தன் பழைய மோட்டார் சைக்கிளுக்குச் செயின் பூட்ட வந்தவர், கச்சிமுகம்மது மறுபடியும் எஞ்சினை நிறுத்திவிட்டு எண்ணெய்க் கம்பியை உருவுவதைக் கண்டு சிரித்தார்.

"என்ன பாஸ், மனுசன் நித்திரை கொள்ளக்குள்ளயா காய்ச்சல் பாக்கிறீங்க?"

"என்னத்தச் சொல்ற நீங்க?"

"எஞ்சின ஓடவிட்டு, நல்லாச் சூடாகினாப் பிறகு, தடிய எல்லா எழுத்துக்கும் ஒருக்காக் கொண்டு போய்த்து வந்து, எஞ்சின் ஓட ஓடத்தான் இதுல எண்ணெய அளக்கணும். நிப்பாட்டினா மேல இரிக்கிற எண்ணெயெல்லாம் கீழ இறங்கி நிறைஞ்ச மாதிரிக் காட்டும்."

அப்படியே செய்து பார்த்தார்கள். கம்பியின் நுனியில்கூட எண்ணெய் ஒட்டவில்லை. முன்னால் ரேடியேட்டருக்குப் போகும் சின்னக் குழாயின் பூட்டில் பொட்டுப் பொட்டாகக் கசிந்து, ஒன்றரை போத்தல் எண்ணெய் போயிருந்தது. பூட்டை இறுக்கி, சிவப்பு எண்ணெயை ஊற்றினார்கள். தடியை டி-யில் போட்ட உடனே கார் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. யோசிப்பும் இல்லை, இடியும் இல்லை.

"எனக்கும் அப்புடித்தான் ஒரு நெனப்பு இரிந்திச்சி" என்றார் கச்சிமுகம்மது. கனகரெத்தினம் செயினைப் பூட்டிக்கொண்டு போனார்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டிய தேவையே இல்லை. எட்டாம் நாள் ஜவுபர் வந்து நின்றான்.

"மச்சான், நிண்ட இடத்துல இடிக்கிறல்ல. ஓட்டத்துலதான் இடிக்கிது. முந்தி மாதிரியேதான்."

கச்சிமுகம்மது காரை எடுத்துக்கொண்டு அக்கரைப்பற்று வரைக்கும் போய் வந்தார். ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் ஜவுபர் ஓட்ட, இவர் பக்கத்தில் இருந்து மருதமுனை தாண்டிக் கல்லாற்றுப் பாலம் வரைக்கும் போய் வந்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. வழி முழுக்கக் கச்சிமுகம்மதுவின் வாய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளையை ஏச முடியாதல்லவா? ஆகவே ஆட்டை ஏசினார், சைக்கிள்காரனை ஏசினார், பள்ளத்தை ஏசினார், பள்ளத்தை மூடாதவர்களை ஏசினார். ஜவுபர் பழைய காலத்தில் அவரிடம் ஓட்டப் பழகியபோது இருந்த மாதிரியே, இரண்டு கையாலும் ஸ்டேரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை ரோட்டை விட்டு எடுக்காமல் ஓட்டினான்.

"எங்க மச்சான் இடிக்கிது?"

"இப்ப இடிக்கிறல்ல. நீங்க இறங்கினா இடிக்கும்."

"கார் என்னக் கண்டு பயப்படுதா?"

"நான் பொய்யா சொல்றன்?"

ஒரு மாதம் இதே கூத்துத்தான். அவன் வருவான், இவர் ஏறுவார், கார் நல்ல பிள்ளையாக ஓடும். இவர் இறங்குவார், அவன் ஹயர் போவான், கார் இடிக்கும். கச்சிமுகம்மதுவுக்கு நித்திரை போய்விட்டது. கியருக்குள்ளேயே ஏதோ தேய்ந்துவிட்டது என்றால், அதைத் திறக்க அவருக்குத் தெரியாது. கொழும்பில் திறப்பித்தால் காரின் பாதி விலை போகும். இவ்வளவும் மனதுக்குள் ஓட, வாய் மட்டும், "கார்ல ஒரு பிழையும் இல்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மிச்சத்தை, அதாவது "உனக்குத்தான் ஓட்டத் தெரியல்ல" என்பதை, அவர் தொண்டைக்குள்ளேயே வைத்து விழுங்கினார். விழுங்கிய ஏச்செல்லாம் சேர்ந்து, கராஜுக்கு வந்த மற்றவர்களின் தலையில் இரட்டிப்பாக விழுந்தது.

ஒரு புதன்கிழமை ஜவுபர் கராஜுக்கு வந்தான். காரில் வரவில்லை, நடந்து வந்தான்.

"மச்சான், அக்கரைப்பத்துல ஒராள் காரக் கேக்காரு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சி பாக்க வாறாரு. என்ன விலைக்காவது குடுத்திடுறன். சனிக்கிழமை ஏஜென்சிக்காரன்ட கையில பாஸ்போட்டக் குடுக்கணும். சவூதிக்கு ரெண்டு வருசம். போய்த்து வாறன்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கமீலா இப்போதுதான் அவனை "வாப்பா" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். அதுவும் சில நேரம் மறந்துபோய், "இந்த ஆள்" என்பாள். இன்னும் இரண்டு வருடம் போய்வந்தால் மறுபடி கதவுக்குப் பின்னால்தான். தன் வாயால் "நான் பொறுப்பு" என்று சொன்ன கார் தன் தங்கச்சியின் குடும்பத்தை இப்படிப் பிரித்துப் போடுகிறதே என்று நினைக்க நினைக்கக் கச்சிமுகம்மதுவுக்கு அழுகைதான் வந்தது. அழத் தெரியாத மனிதர், வீட்டுக்குப் போய் ஹாஜறாவிடம் சத்தம் போட்டார்.

சத்தம் ஓயும் வரைக்கும் ஹாஜறா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"அந்தக் கார்ல நீங்க எப்பவாச்சும் பின்னுக்கு ஏறியிரிக்கீங்களா?"

"நான் என்னத்துக்குப் பின்னுக்கு ஏற?"

"பின்னுக்கு ஏறுற பொம்புளையள் எல்லாருக்கும் அது எங்க இடிக்கிது எண்டு தெரியும்."

"எங்க இடிக்கிது? சொல்லன்!"

"நான் சொன்னா, பொம்புளைக்கு என்ன தெரியும் எண்டுவீங்க. நாளைக்குப் பாலமுனைக்கு என்ட மருமகள்ட புள்ளைக்கு நாப்பதாம் நாள் விருந்துக்குப் போறம்தானே. முன்சீட்டுல வாழக்குல இரிக்கட்டும். நீங்க எங்களோட பின்னுக்கு ஏறுங்க. ஆனா ஒண்டு. போய்ச் சேருமட்டும் வாயத் தொறக்கக் கூடா. ஒரு சொல்லும் கதைக்கக் கூடா."

ஊரில் பெண்கள் கார் பிடித்தால் பின் கண்ணாடிகளுக்குத் திரைத் துணி கட்டுவது வழக்கம். வியாழக்கிழமை காலையில் அந்தத் திரைக்குள் ஹாஜறாவுக்கும் றாஹிலாவுக்கும் நடுவில், மடியில் வட்டிலப்ப இனிப்புச் சட்டியை வைத்துக்கொண்டு, கச்சிமுகம்மது பாஸ் உட்கார்ந்தார். கமீலா உம்மாவின் மடியில். ஜவுபர் ஒரு தரம் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தான். "அவருக்கு நெஞ்சு சளி, கதைக்க ஏலாது" என்று ஹாஜறா முந்திக்கொண்டு சொன்னாள்.

சாய்ந்தமருது வரைக்கும் ஜவுபர் இரண்டு கையாலும் ஓட்டினான். ஆடு குறுக்கே வந்தது. கச்சிமுகம்மதுவின் வாய் திறந்தது, ஹாஜறா தொடையில் கிள்ளினாள், வாய் மூடியது. காரைதீவில் ஒரு லொறி விளக்கும் காட்டாமல் திரும்பியது. அதற்கும் கிள்ளு. ஒரு மனிதன் முப்பது வருடமாகப் பேசிய பேச்சை நாலைந்து மைலுக்குள் அடக்குவது என்ன கஷ்டம் என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. நிந்தவூர் தாண்டும்போது பின்னால் ஒருவர் இருப்பதையே ஜவுபர் மறந்துவிட்டான். ரோடு நேராக, வெறுமையாக, இரண்டு பக்கமும் வயலோடு கிடந்தது. கார் நாற்பது மைல் வேகத்தைத் தொட்டது.

அப்போது ஜவுபரின் இடது கை ஸ்டேரிங்கை விட்டு இறங்கியது.

தடியைக் கைக்குள் பிடிக்கவில்லை. இரண்டு விரலைக் கீழிருந்து கொளுவி, மெதுவாக ஒரு தட்டுத் தட்டினான். டி-யிலிருந்து என்-னுக்குப் போய்விட்டது. எஞ்சினின் சத்தம் அடங்கியது. கார் தன் ஓட்டத்திலேயே உருண்டது. களியோடைப் பாலம் கிட்டியதும் வேகம் குறைந்தது. அதே இரண்டு விரல் தடியை மறுபடி டி-க்கு இழுத்தன. ஒரு கண் இமைக்கும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

தடக்.

வட்டிலப்பம் சட்டியின் விளிம்பைத் தாண்டி அவர் இடுப்பில் கட்டிய வெள்ளைச் சாரத்தில் கொட்டியது. ஹாஜறா அவருடைய முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். கிள்ளத் தேவையிருக்கவில்லை. அவர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு விரலை அவருக்குத் தெரியும். உலகத்தில் வேறு எவனும் கியர்த் தடியை அப்படிக் கீழிருந்து கொளுவ மாட்டான். ஒரு கலன் பெற்றோலில் மட்டக்களப்புக்குப் போன அந்த வித்தை அதுதான். வேகத்தை எடு, நியூட்ரலில் போட்டு உருளவிடு, வேகம் குறைந்ததும் மறுபடி கியரில் போடு. கிளச் உள்ள காரில் காலால் மிதித்து, எஞ்சினின் வேகத்தையும் கொஞ்சம் கூட்டி, நோகாமல் சேர்த்துவிடலாம். இந்தக் காரில் மிதிக்க ஒன்றுமில்லை. முப்பது மைல் வேகத்தில் உருளும் சக்கரமும், நின்ற நிலையில் முனகிக்கொண்டிருக்கும் எஞ்சினும் ஒரே அடியில் போய் முட்டிக்கொள்ளும். அதுதான் தடக். கியருக்கு நோயில்லை. அதைப் பிடித்து உதைத்துக்கொண்டிருந்தது ஒரு பழக்கம். அந்தப் பழக்கம் கச்சிமுகம்மதுவின் சொத்து.

பாலமுனை போய்ச் சேருவதற்குள் அந்தக் கை இன்னும் நான்கு தரம் இறங்கியது. நான்கு தரமும் அவர் எண்ணினார்.

வாசலில் பெண்கள் இறங்கி உள்ளே போனார்கள். கச்சிமுகம்மது சாரத்தில் வட்டிலப்பத்தோடு வேலியோரம் நின்றார்.

"மச்சான், பிழையக் கண்டுட்டன். நீங்க ஓட்டத்துல நியூட்ரல் போடுறீங்க. அதால தான் இடிக்கிது."

ஜவுபரின் முகம் கறுத்தது.

"ரெண்டு மாசமாக் கழட்டிப் பூட்டினீங்க. பிடிக்கத் தெரியல்ல. இப்ப என்ட கையில குத்தமா? காரப் பாத்து எடுக்கச் சொன்ன நீங்கதானே? வேணாம் மச்சான். விடுங்க. நாளைக்கு அவர் வந்து கொண்டு போகட்டும்."

கச்சிமுகம்மதுவுக்கு மூக்குக்கு மேல் வந்தது. இரண்டு மாதமாக விழுங்கிய அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து, உள்ளே போன றாஹிலா கமீலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்படியில் வந்து நின்றாள். காக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கண்ணில் இருந்தது சுத்தமான பயம். தன் வாய்க்கு இந்த மாதிரிப் பயப்படும் ஒருத்தி வீட்டிலேயே இருக்கிறாள் என்று அவர் அன்று வரைக்கும் கவனித்ததில்லை.

"டேய் ஜவுபர்" என்றார். அந்தப் பழைய கூப்பாடு தானாக வந்துவிட்டது. ஆனால் சத்தமில்லாமல் வந்தது. "அது உன்ட கையில்லடா. என்ட கை. எழுபத்து நாலுல அந்த ஒஸ்டின் கார்ல வச்சி நான் உனக்குப் பழக்கின கை. அந்தக் காருக்கு அது சரி. இதுக்குப் பிழை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியா. இந்தக் கியரப் பத்தியே எனக்கு ஒண்டும் தெரியா. கொழும்புல உன்னை எடுக்கச் சொல்லக்குள்ளயும் தெரியா. தெரியா எண்டு சொல்ல வெக்கமா இரிந்திச்சி. பிழை என்டது."

ஜவுபர் தன் இடது கையை விரித்துப் பார்த்தான். அதை இன்றைக்குத்தான் காண்பவன் மாதிரிப் பார்த்தான்.

"சவூதியிலயும் இப்புடித்தான் ஓட்டின நான்" என்றான் கடைசியில். "அங்க பெற்றோல் தண்ணி விலை. ஏன்டா நியூட்ரல் போடுறாய் எண்டு என்ட முதலாளி கபீல் சிரிச்சான்."

திரும்பி வரும்போது கச்சிமுகம்மது முன்சீட்டில் இருந்தார். ஒளுவில் வருவதற்குள் ஜவுபரின் கை இரண்டு தரம் தானாக இறங்கியது. "கை" என்றார் இவர். கை மேலே போனது. நிந்தவூரில் மறுபடி இறங்கியது. "கை." காரைதீவில் அவன் பொறுமையிழந்து, இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். கல்முனை வரைக்கும் கார் ஒரு தரம்கூட இடிக்கவில்லை. றாஹிலாவின் வீட்டு வாசலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கச்சிமுகம்மது எண்ணெய்க் கம்பியை உருவினார். விரலில் தொட்டு மோந்து பார்த்தார். கருகல் வாசம் இல்லை. நிறம் இன்னும் சிவப்பு. "அல்ஹம்துலில்லாஹ், உள்ளுக்கு ஒண்டும் ஆகல்ல" என்றார்.

ஜவுபர் சட்டைப் பையிலிருந்து பாஸ்போட்டை எடுத்து றாஹிலாவின் கையில் கொடுத்தான். "இத எங்கயாச்சும் வை. அக்கரைப்பத்தாருக்கு நாளைக்கு நானே போய்ச் சொல்லிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, கமீலாவைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான்.

றாஹிலா தேத்தண்ணி கொண்டு வந்தாள். கச்சிமுகம்மது கோப்பையை வாங்கிக்கொண்டு, பழைய தெம்பு கொஞ்சம் திரும்பியவராக, "பாத்தியா, கடைசியில உன்ட காக்காதான் கண்டுபிடிச்ச" என்றார்.

"எனக்கு எப்பவோ தெரியும் காக்கா."

"என்ன தெரியும்?"

"அவர் தடியத் தட்டினாத்தான் இடிக்கிது எண்டு. அவருக்கு ரெண்டு தரம் சொன்ன நான். அவர் கேக்கல்ல."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லல்ல?" கச்சிமுகம்மதுவின் குரல் ஏறிவிட்டது. "அவன் ரெண்டு வருசத்துக்குப் போகப் பாத்தானே! பாஸ்போட்டும் கையுமா நிண்டானே! பாத்துட்டுச் சும்மாவா இரிந்த நீ?"

றாஹிலா பாஸ்போட்டை முந்தானையில் துடைத்தாள். அதில் தூசி ஒன்றும் இருக்கவில்லை.

"சவூதிக்குப் போனா ரெண்டு வருசத்துல வருவாரு காக்கா" என்றாள். "உங்களுக்குச் சொன்னா நீங்க அவர ஏசுவீங்க. நீங்க ஏசி அவர் போனா, வரமாட்டாரு."

கச்சிமுகம்மது கோப்பையைப் பார்த்தார். தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். சீனியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் போன பிறகு கோப்பையைக் கழுவ எடுத்தபோதுதான், அன்றைக்குச் சீனி போட மறந்துவிட்டது றாஹிலாவுக்கு நினைவு வந்தது.